ஐப்பசி தவறினால் கார்த்திகை ஈடுகட்டுமா?

ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் டி.கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் போகும் சாலையின் இருபுறமும் உழுத காடு உழுதபடியே கிடந்தால், அந்த வட்டாரத்தில் பேச்சே குறைந்துவிடும். விதை வீட்டில் இருக்கும். அடியுரம் வாங்கியாகிவிட்டது. டிராக்டர் வாடகையும் கொடுத்தாகிவிட்டது. பிற்பகலில் மேற்கே சதுரகிரிப் பக்கம் மேகம் கூடும். பொழுது சாய்வதற்குள் கலைந்து போகும். இரவுச் செய்தியில், வடகிழக்குப் பருவமழைக் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதைய பற்றாக்குறை நவம்பரில் சரியாகிவிடும் என்பார்கள். கணக்கில் அது சரியாகவும் ஆகலாம். காட்டில் ஆகாது. ஒரு மாதம் பெய்யாத மழையை அடுத்த மாதம் பெய்யும் மழை ஏன் திருப்பித் தர முடியாது என்பதை மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் விளக்கிப் பார்க்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் சாகுபடி முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

மதுரை மாவட்டத்தின் ஆண்டு மழை 850 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அக்டோபர் ஒரு மாதத்தில் பெய்துவிடும். வேறு எந்த மாதமும் இதற்கு ஈடில்லை. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சென்னைக்கு மழை உச்சம் நவம்பரில். வடகடலோர மாவட்டங்களுக்கும் அப்படித்தான். அக்டோபர் வறண்டால் அங்கே உள்ளவர்களுக்கு 'இனிமேல்தான் மழையே' என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. மதுரைக்கு அந்த உரிமை இல்லை. அக்டோபர் போனால் ஆண்டின் மிகப் பெரிய மழை மாதம் போய்விட்டது. மாநிலத்துக்கெல்லாம் பொதுவாகச் சொல்லப்படும் ஆறுதல் உண்மையில் கடற்கரைக்கு உரிய ஆறுதல்.

வானிலை மையத்தின் அக்டோபரும் விவசாயியின் மாதமும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அக்டோபரின் முன்பாதி புரட்டாசி, பின்பாதி ஐப்பசி. பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்பது பழமொழி. கரிசல் காட்டில் விதை விழ வேண்டியது புரட்டாசிக் கடைசியில். விழுந்த விதையை நிலைநிறுத்த வேண்டியது ஐப்பசி அடைமழை. ஆகவே அக்டோபர் 15 வரை காய்ந்து பிறகு பெய்தால் ஒரு விளைவு, 15 வரை பெய்து பிறகு காய்ந்தால் வேறு விளைவு. மாத மொத்தம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். இரண்டாவதுதான் கொடியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மதுரையில் அக்டோபர் மழையும் டிசம்பர் மழையும் ஒரே பருவமழையின் பெயரில் கணக்கு வைக்கப்பட்டாலும் பிறக்கும் விதம் வேறு. அக்டோபர் மழை பெரும்பாலும் மாலை நேர இடிமழை. பகல் வெயிலில் தரை சூடேற வேண்டும். கிழக்கிலிருந்து கடலின் ஈரத்தோடு காற்று உள்ளே வர வேண்டும். இரண்டும் சந்தித்தால் நான்கு மணிக்கு மேல் மேகம் கட்டி, விளக்கு வைக்கும் நேரத்தில் கொட்டும். நவம்பர், டிசம்பர் மழை பெரும்பாலும் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதிகளையும் புயல்களையும் நம்பியது. அவை கரையேறி மதுரை வரை வந்து சேர்வதற்குள் பாதி வலு போய்விடும். வடக்கே திரும்பிவிட்டால் எதுவும் இல்லை. அதனால்தான் நமக்கு அக்டோபரின் இடிமழையே நம்பத் தகுந்த மழையாக இருந்துவந்திருக்கிறது.

அந்த மழை ஏன் சில ஆண்டுகளில் தவறுகிறது? காற்றைக் கேட்டால் தெரியும். கீழ்க்காற்றைக் கொண்டல் என்று சொன்ன தமிழுக்கு மேகமும் கொண்டல்தான். ஆடியில் அடித்து ஓய வேண்டிய மேல்காற்று ஐப்பசி வரை அடித்துக்கொண்டிருந்தால் கொண்டல் உள்ளே வர வழியில்லை. மேல்காற்று தன் ஈரத்தை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு, வருசநாட்டு மலைகளையும் பழனி மலைகளையும் தாண்டி இறங்கும்போது சூடேறி வறண்டு வருகிறது. அப்போது மதுரையில் அக்டோபரிலேயே பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். மேல்காற்று நீடிப்பதற்கு முக்கியமான காரணம், வங்கக்கடலின் வடபகுதியில் உருவாகும் புயல்கள். அவை தென்பகுதியின் ஈரத்தைத் தம்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில் நம் பக்கம் மேற்கிலிருந்து உலர்ந்த காற்று பாயும். 2016 அக்டோபரில் கியான்ட் புயல் அப்படித்தான் வடக்கே மியான்மர் பக்கம் போய், பிறகு ஆந்திரக் கரையை நோக்கித் திரும்பி, கரையைத் தொடாமலே வலுவிழந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்கியதே அக்டோபர் கடைசியில்.

2016இல் இன்னும் பெரிய காரணங்களும் சேர்ந்தன. இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிட வெப்பமாகவும் மேற்குப் பகுதி குளிர்ந்தும் இருந்தது. பசிபிக்கில் வலுக்குறைந்த லா நினா, அதாவது அந்தக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடக் குளிரும் நிலை. இவை இரண்டும் வடகிழக்குப் பருவமழைக்குப் பொதுவாக ஆகாதவை. பொதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 2021இல் லா நினா இருந்தும் தமிழ்நாட்டில் இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது. பசிபிக் கடலைப் பார்த்துவிட்டுப் பேரையூரில் விதைப்பதா வேண்டாமா என்று யாரும் முடிவு செய்ய முடியாது.

கரிசலின் கணக்கு

இனி மண்ணுக்கு வருகிறேன். ஒரே வறண்ட ஐப்பசி மதுரை மாவட்டத்தின் வெவ்வேறு மண்ணில் வெவ்வேறு வேலை செய்கிறது. மிகக் கடுமையாக அடி வாங்குவது தென்மேற்கே உள்ள கரிசல். பேரையூர், டி.கல்லுப்பட்டி, கள்ளிக்குடிப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் மானாவாரியாக விளையும் மண் அது.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். கரிசல் இந்தத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் பாத்திரம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு நன்றாக நனைந்த கரிசல், பயிர் உறிஞ்சி எடுக்கக்கூடிய தண்ணீராக ஏறத்தாழ 150 மில்லிமீட்டரைத் தன்னுள் வைத்திருக்கும். அந்தப் பக்கத்துச் செவலில், அதாவது செம்மண்ணில், இதில் பாதி தங்கினாலே பெரிது. வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு நான்கு மில்லிமீட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிறைந்த கரிசல் ஒரு சொட்டு மழை இல்லாமலே ஐந்து வாரம், சற்றே மேலும்கூடப் பயிரைக் காப்பாற்றும். மார்கழி, தையில் மழை நின்ற பிறகும் கரிசல் காடு பச்சையாக நிற்பது இந்தச் சேமிப்பால்தான்.

இந்தச் சேமிப்பு நிறைவது ஐப்பசியில். அதுவும் விட்டு விட்டு, பல நாள்களாகப் பெய்யும் மழையில். கோடையிலிருந்து காய்ந்து வெடித்த கரிசலில் முதல் மழை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்குப் போகும். பிறகு மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கு மேல் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஒரே நாளில் நூறு மில்லிமீட்டர் கொட்டினால் பெரும்பகுதி ஓடையில் ஓடிவிடும். ஐந்து நாள் இருபது இருபதாகப் பெய்தால் ஏறத்தாழ முழுவதும் மண்ணுக்குள் போகும். ஐப்பசியில் வராத தண்ணீரைக் கார்த்திகையில் ஒரு புயல் இரண்டே நாளில் கொண்டுவந்து கொட்டினால், மழைமானியில் சரிக்குச் சரி. மண்ணில் அப்படியில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு நாள்கள். மானாவாரி மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். விதைத்து ஏறக்குறைய 55 நாளில் ஆண்பூ வெளிவந்து, கதிரில் பட்டு நூல் எட்டிப் பார்க்கும். மணி பிடிப்பதைத் தீர்மானிக்கும் இரண்டு வாரம் அது. அந்த இரண்டு வாரத்தில் ஈரம் இல்லையென்றால் கதிரில் பல் விழுந்ததுபோல் மணி விட்டுப்போகும். அக்டோபர் 10இல் விதைத்தால் இந்தக் கட்டம் டிசம்பர் முதல் வாரத்தில் வரும், கார்த்திகை மழைக்குள். விதைப்பு நவம்பர் 15க்குத் தள்ளிப்போனால் அதே கட்டம் ஜனவரி இரண்டாம் வாரத்தில் வரும். கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை என்று நம் முன்னோர் வகுத்து வைத்த எல்லைக்கு அப்பால். முன்னால் இழந்தது ஈர நாள்கள். அதற்குப் பதிலாகப் பின்னால் சேர்ந்தவை காய்ந்த நாள்கள். விதைப்பு தள்ளிப்போவது என்றால் பயிரின் வயது முழுவதையும் ஈரத்திலிருந்து காய்ச்சலுக்கு நகர்த்துவது.

பருத்திக்கு இது இன்னும் மோசம், அது ஐந்து மாதப் பயிர். புரட்டாசிக் கடைசியில் விதைத்தது தையில் காய் பிடித்து மாசியில் வெடிக்கும். கார்த்திகையில் விதைத்தது மாசி, பங்குனி வெயிலில் காய் பிடிக்க வேண்டும். அப்போது கரிசலின் பாத்திரம் காலி. சின்னக் காயாக, சிற்றிழையாக, ஒரே எடுப்போடு முடிந்துவிடும். போதாததற்கு, வறண்ட காலத்தில் அசுவினியும் தத்துப்பூச்சியும் பெருகும். இலையைக் கழுவிவிடும் மழை இல்லாததால் மருந்துச் செலவும் ஏறும். மக்காச்சோளத்தில் 2018 முதல் தமிழ்நாட்டை வாட்டும் படைப்புழுவும் அப்படித்தான். நல்ல மழை இளம்புழுக்களில் பலவற்றைக் குருத்திலேயே மூழ்கடித்துவிடும். வறட்சியில் அவற்றைத் தடுக்கக் கைத்தெளிப்பான் மட்டும்தான்.

மேலே கொடியது என்று சொன்னதற்கு இங்கே வருகிறேன். மழையை எதிர்பார்த்துக் காய்ந்த மண்ணிலேயே விதைத்து வைப்பது கரிசலின் பழைய வழக்கம். புழுதி விதைப்பு என்பார்கள். மழை வந்த அன்றே விதை வேலையைத் தொடங்கிவிடும், ஒரு வாரம் மிச்சம். நல்ல ஆண்டில் இதைப் போன்ற புத்திசாலித்தனம் வேறில்லை. வேளாண் பல்கலைக்கழகமும் முன்பருவ விதைப்பு என்ற பெயரில் இதையே பரிந்துரைக்கிறது. விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்தி விதைத்தால் வறட்சியைச் சற்றுத் தாங்கும் என்கிறது. ஆனால் புழுதியில் கிடக்கும் விதைக்கு எதிரி மழையில்லாத வானம் அன்று, அரைகுறை மழை. மழையே இல்லையென்றால் விதை எறும்புக்கும் பறவைக்கும் போனது போக மண்ணில் உறங்கும். பத்து மில்லிமீட்டர் பெய்து, பிறகு பதினைந்து நாள் வெயில் அடித்தால் விதை ஏமாந்து முளைத்து, இரண்டு இலையோடு கருகிவிடும். வறண்ட அக்டோபர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. முழுக்கக் காய்வதில்லை, ஒரு மாலை ஆசை காட்டிவிட்டுப் போகின்றன. பிறகு மறு விதைப்பு, மறு உழவு, மறு கடன். கரிசல் வீடுகளில் நகை அடகுக்குப் போகும் மாதம் எது என்று கேட்டால் பெண்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

கண்மாய் ஏன் நிறையவில்லை

மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கண்மாய்களின் கதை வேறு. கண்மாய்க்குத் தண்ணீர் வருவது மழை பெய்வதால் மட்டும் இல்லை, பெய்த மழை ஓடுவதால். காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் நனைந்து, இனிக் குடிக்க முடியாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் வரத்துக்கால்வாயில் ஓட்டம் தெரியும். வழக்கமான ஆண்டில் ஐப்பசி மண்ணை நனைக்கிறது, கார்த்திகை கண்மாயை நிரப்புகிறது. 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்ற தொடரில் இந்த வரிசை இருக்கிறது: முதலில் அடைமழை, அதன் மேல் கனமழை. ஐப்பசி தவறினால் ஐப்பசி செய்ய வேண்டிய வேலையைக் கார்த்திகை செய்யும். கார்த்திகையின் வேலையைச் செய்ய யாரும் இல்லை. மழை பாதியாகக் குறைந்தால் கண்மாய்க்கு வரும் தண்ணீரும் பாதியாகக் குறையும் என்று நினைப்பது பிழை. அது பாதியைவிட மிகக் குறைவாக வரும், சில நேரம் வரவே வராது. மறுகால் பாயும் கண்மாயும் மடைக்குக்கூடத் தண்ணீர் எட்டாத கண்மாயும் ஒரே தாலுகாவில், சில வாரங்கள் பெய்த அல்லது பெய்யாத மழையால் பிரிகின்றன.

வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடப்பதும் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியிருப்பதும் மழையின் குற்றம் ஆகாது. 2016 வறட்சியில் பட்ட அடிக்குப் பிறகு, 2017இல் குடிமராமத்துப் பணி அரசுத் திட்டமாக மீண்டும் தொடங்கப்பட்டது. கரையைப் பலப்படுத்துவதிலும் உள்வாயை ஆழப்படுத்துவதிலும் காட்டும் அக்கறையை வரத்துக்கால்வாயில் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். வறண்ட ஆண்டில் ஓடி வரும் கொஞ்சத் தண்ணீர் கண்மாயைச் சேருமா, வழியிலேயே தங்கிவிடுமா என்பதை முடிவு செய்வது அந்தக் கால்வாய்தான்.

கிணறுகளுக்கும் ஐப்பசியே தாய். மதுரையைச் சுற்றி மண்ணுக்குச் சற்றுக் கீழேயே கடினப்பாறை. தண்ணீர் தங்குவது பாறை சிதைந்த மேலடுக்கிலும் விரிசல்களிலும் மட்டும். மணற்பாங்கான நிலத்தைப்போல் பல ஆண்டுக்கான இருப்பு இங்கே கிடையாது. மழையில் வேகமாக ஏறும், வெயிலில் வேகமாக இறங்கும். ஐப்பசியில் ஏறாத கிணறு மாசியில் தரைதட்டும். உடனே ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். பாறையில் எத்தனை நூறு அடி போனாலும் விரிசல் அகப்படாவிட்டால் புழுதிதான் வரும்.

ஆற்றுப் பாசனத்தில் வறட்சி தாமதமாக வரும்

வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் வழியாகப் போகிறவருக்கு இதே வறண்ட அக்டோபரில் வயல் பச்சையாகத் தெரியும். காரணம், அந்தத் தண்ணீர் வேறு மழையில் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு தீவிரம் பெற்று, பென்னிகுயிக் பொறுப்பில் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே பாய வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. அதன் நீர்ப்பிடிப்பு, ஜூன் முதல் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதி நிறைகிறது. அந்தத் தண்ணீர் சுருளியாறு வழியாக 1959இல் திறக்கப்பட்ட, 71 அடி வரை தண்ணீர் தேக்கும் வைகை அணைக்கு வந்து சேர்கிறது. ஆகவே கேரள மலையில் ஆடி நன்றாகப் பெய்திருந்தால், மதுரையில் ஐப்பசி காய்ந்தாலும் பெரியாறு பாசனம் உடனே படுத்துவிடாது.

உடனே என்பதுதான் சிக்கல். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கர். ஒருபோகத்துக்கு வழக்கமான திறப்பு நாள் செப்டம்பர் 15. இந்த ஒரு லட்சத்து ஐயாயிரம் ஏக்கர் ஒருபோக நிலத்தையும் தை வரை அணைத் தண்ணீர் மட்டுமே வைத்து விளைவிக்க முடியாது. வயலில் நேரடியாகப் பெய்யும் ஐப்பசி மழை தன் பங்கைச் செய்யும், அந்த நாள்களில் ஷட்டரை இறக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு கணக்கில் இருக்கிறது. ஐப்பசி வறண்டால் அணை ஒரு நாளும் ஓய முடியாது. தைக்கு வைத்திருந்த தண்ணீரை ஐப்பசியிலேயே செலவழிக்கிறோம். பிறகு முறைப்பாசனம் வரும். இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு என்று. தலைமடைக்காரர் சமாளித்துவிடுவார். வெயில் நன்றாக அடித்து, தண்ணீரும் கிடைத்தால் அவருக்கு நெல் தூர் கட்டுவதுகூட மேலாக இருக்கும். கடைமடையில் இருக்கும் மேலூர்க்காரருக்கு, முறை வந்த தண்ணீர் காய்ந்த வாய்க்கால் குடித்தது போக மிச்சமே வந்து சேரும். நாற்றங்காலில் 25 நாளில் பறிக்க வேண்டிய நாற்று 40 நாள் காத்திருக்கும். அந்த முற்றிய நாற்றை நட்டால் தூர் குறைவு. பிந்திய நெல் மார்கழிப் பனியில் மாட்டினால் குலை நோய்.

முல்லைப் பெரியாற்றில் 152 அடிக்குக் கட்டிய அணையில் 1979 முதல் 136 அடி, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 142 அடி என்று தேக்குவது ஏன் இங்கே உயிர்ப் பிரச்சினையாகப் பேசப்படுகிறது என்பது இப்படிப்பட்ட ஐப்பசியில்தான் புரியும். அந்த ஆறு அடி, வறண்ட ஆண்டில் கடைமடையின் ஒரு முறைத் தண்ணீர். உசிலம்பட்டியின் 58 கிராமத் திட்டக் கால்வாய்க்கு இன்னும் கடினமான விதி. வைகை அணை 67 அடிக்கு மேல் ஏறினால்தான் அதில் தண்ணீர் விட முடியும். வைகையின் சொந்த நீர்ப்பிடிப்பான வருசநாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை வேண்டும். ஐப்பசி தவறிய ஆண்டில் அந்தக் கால்வாய் வெறும் பள்ளமாகக் கிடக்கும். பல பத்தாண்டுகள் போராடிக் கிடைத்த கால்வாய் அது.

மல்லிகைக்கு மட்டும் வறண்ட அக்டோபர் முழுக் கேடு இல்லை. வெயில் அடித்தால் மொட்டு வைக்கும். கிணற்றில் தண்ணீர் உள்ளவருக்கு ஐப்பசி முகூர்த்தங்களில் மாட்டுத்தாவணிச் சந்தையில் நல்ல விலையும் கிடைக்கும். சிலந்திப்பேன் தொல்லை கூடும், அவ்வளவுதான். தென்னையின் நிலைமை இதற்கு நேர்மாறு. சோழவந்தான் தோப்பில் இந்த ஐப்பசியின் அடி இந்த ஆண்டில் தெரியவே தெரியாது. இப்போது பாளைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் குலை தண்ணீர் இல்லாமல் நலிந்து, அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது காய் குறையும். அப்போது எந்த நிவாரணப் பட்டியலிலும் தென்னை இருக்காது.

ஆடு மாடுகளையும் மறந்துவிடக்கூடாது. மானாவாரிச் சோளத்தட்டையும் ஐப்பசிப் புல்லும் இல்லையென்றால் தையில் வைக்கோல் விலை ஏறும். கிடை ஆடுகள் அதற்கு முன்பே வேறு மாவட்டம் போய்விடும்.

எண்களைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கிறது. 2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் பெய்தது 168.3 மில்லிமீட்டர், இயல்பு 440.4. பற்றாக்குறை 62 சதவீதம். அவ்வளவு வெளிப்படையான வறட்சியிலும், எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது 2017 ஜனவரியில். டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு மாநிலச் சராசரியைச் சற்று உயர்த்தியது. மதுரைக் கரிசலுக்கு அதில் ஒரு துளியும் பயனில்லை. அடுத்த ஏப்ரலில் வைகை அணையில் எஞ்சிய தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் தகடுகள் மிதக்கவிடப்பட்டன, காற்றில் கரை ஒதுங்கின. நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவியாவது உண்மையான இழப்பு. அணையின் அடியில் கிடந்த தண்ணீரைக் காப்பாற்ற அப்படித் தவித்ததற்கு வேர், முந்திய அக்டோபரில் இருந்தது.

2016 பருவம் முழுவதும் தவறிய ஆண்டு, அதனால் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்குக் கவலை தருபவை அக்டோபர் மட்டும் தவறி, மொத்தம் 'இயல்பு' என்று முடியும் ஆண்டுகள். பருவ மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஆண்டில் வறட்சியே இல்லை. விதைப்பு நாள்களைப் பார்ப்பவருக்குப் பாதிக் காடு தரிசு. இரண்டும் ஒரே ஆண்டின் உண்மைகள். அக்டோபர் 1 முதல் நவம்பர் 10 வரை ஒவ்வொரு பிர்காவிலும் (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) விதைக்கத் தகுந்த ஈரம் இருந்த நாள்கள் எத்தனை என்ற ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொண்டால், டிசம்பர் மொத்தத்துக்குக் காத்திருக்காமல் நவம்பர் நடுவிலேயே எந்த ஊர் தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம். மழைமானிகள் இருக்கின்றன. வேளாண் உதவி அலுவலர்கள் காட்டுக்குப் போகிறவர்கள்தாம். இல்லாதது, அந்த நாள்களை எண்ண வேண்டும் என்ற நினைப்பு.

பயிர்க் காப்பீட்டில் இதற்கு ஒரு வாசல் உண்டு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மழையின்மையால் ஒரு காப்பீட்டு அலகின், அதாவது இழப்பைச் சேர்த்துக் கணக்கிடும் பகுதியின், முக்கால் பங்குக்கு மேற்பட்ட பரப்பில் விதைக்கவே முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதத்தைக் கொடுத்து அந்தப் பருவத்துக்கான காப்பீடு முடித்துக்கொள்ளப்படும். முக்கால் பங்கு என்பதில்தான் மதுரையின் இடிமழை இடறுகிறது. மாலை நேர இடிமழை ஊர் பார்த்துப் பெய்யும். சாப்டூரில் கொட்டி, நான்கு கல் தள்ளித் தூறலும் இல்லாமல் போகும். அலகு பிர்காவாக இருந்தால், பாதி பிர்கா விதைத்துவிட்டாலே மீதிப் பாதியின் தரிசு கணக்கில் ஏறாது. சோழமண்டலக் கடற்கரைபோல் பரவலாகப் பெய்யும் இடத்துக்குப் பொருந்தும் அளவுகோல் இது. இங்கே அப்படிப்பட்ட அலகைக் கிராமமாகச் சுருக்காமல் நியாயம் கிடைக்காது.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒருவழியாக மழை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரிசல்காரர் மண்வெட்டியால் ஒரு சாண் வெட்டி, அடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்துப் பார்ப்பார். உருண்டை நிற்கும். ஆனால் நாள் போய்விட்டது. பருத்தி விதைப் பொட்டலம் அடுத்த ஆண்டுக்காகப் பரணில் ஏறும். அதற்குள் முளைப்புத்திறன் எவ்வளவு மிஞ்சுமோ. மக்காச்சோளத்துக்கும் துணிவிராது. மிஞ்சுவது 65, 70 நாளில் வந்துவிடும் உளுந்தும் பாசிப்பயறும், 95 நாள் குதிரைவாலியும். எல்லாரும் ஒரே வாரத்தில் அதே முடிவுக்கு வருவதால் உளுந்து விதைக்கு டி.கல்லுப்பட்டியில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கிடைத்தவர் மறுநாள் விடியுமுன் கலப்பை பூட்டுவார், ஈரம் போவதற்குள். கிடைக்காதவர் வேளாண் விரிவாக்க மையத்தின் வாசலில் நிற்பார்.